ஷெட்டில் கார், அறையில் ஸ்பானர்

ஊருக்கெல்லாம் பாகம் பிரித்துக் கொடுத்தவர் எங்கள் அப்பா. நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீல். தென்னையையும் கிணற்றையும் நடைவழியையும் அண்ணன் தம்பிகளுக்குள் அடிதடி இல்லாமல் பங்கு வைப்பதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். தன் வீட்டுக் காரியத்தை மட்டும் ஒரு வரி எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்தார். வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மா சொன்னதில்லை.

அதனால் எங்களுக்குப் பாகம் வைக்கத் தாய்மாமன் வந்தார். பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர், அண்ணனும் நானும். நிலத்தில் தகராறு இல்லை. அண்ணன் ஏற்கெனவே தெற்குப் பக்கம் வீடு கட்டிக் குடியிருந்தான், அது அவனுக்கு. பழைய வீடு எனக்கு. என் வீட்டுக்காரர் அப்போது வளைகுடாவில் இருந்தார். நான் தையல் மிஷினை வைத்துக்கொண்டு அம்மாவோடு அந்த வீட்டில்தான் இருந்தேன். பிரச்சினை கடைசியில் வந்தது. அண்டா, அலமாரி, கட்டில், கடப்பாரை என்று ஒவ்வொன்றாக எண்ணி மாமாவுக்கு அலுத்துப்போயிற்று. சாப்பாட்டு நேரமும் தாண்டியிருந்தது. முற்றத்தில் நின்றபடி கையை உதறிச் சொன்னார்:

"அறையில கெடக்கதெல்லாம் அவளுக்கு. ஷெட்டில கெடக்கதெல்லாம் இவனுக்கு. தீந்துது காரியம்."

ஷெட்டில் கிடந்தது அப்பாவின் கார். இங்கிலாந்தில் செய்த, வட்டக் கண் வைத்த, சின்னக் கறுப்புக் கார். அதன் டிக்கியில் இருக்க வேண்டிய இரும்புப் பெட்டி அன்றைக்குப் பழைய வீட்டுச் சாமான் அறையில் இருந்தது. ஜாக்கி, வீல் ஸ்பானர், மற்ற ஸ்பானர்கள், பிளக் கழற்றும் குழாய், மரப்பிடி போட்ட திருப்புளி, காற்றடிக்கும் பம்பு எல்லாம் காரோடு கப்பலில் வந்தவை. மழைக்காலத்தில் டிக்கி ஒழுகும் என்று அப்பா ஆண்டுதோறும் பெட்டியை அறைக்குள் கொண்டுவந்து வைப்பார். அப்பா இறந்தது மழைக்காலத்தில். அவ்வளவுதான் விஷயம். கார் அண்ணனுக்குப் போயிற்று, காரின் சாமான் எனக்கு வந்தது.

அந்த நிமிடமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாமாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் கேட்டிருந்தால் அங்கேயே தூக்கிக் கொடுத்திருப்பேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவேன். அவன் கேட்கவில்லை. மறுநாள் சாயாக்கடையில் வைத்து, "எனக்க காறுக்கு உள்ள சாமானத்தெ நான் என்னத்துக்குக் கேக்கணும்? அவ கொண்டு தரட்டும்" என்று சொன்னானாம். மத்தியானத்துக்குள் அது என் காதுக்கு வந்துவிட்டது. எங்கள் கொல்லயில் ஊரில் பேச்சுக்குக் கால் உண்டு. அவன் கேட்காமல் நான் தருவதில்லை என்று நானும் இருந்துவிட்டேன். பெட்டியில் தொடங்கியது, பிறகு பேச்சே நின்றுபோயிற்று. நடுவில் ஒரு வேலி, வேலியில் அம்மா மட்டும் நுழைந்து போய் வரும் ஒரு இடைவெளி. காலையில் இங்கே கஞ்சி குடிப்பாள், சாயங்காலம் அங்கே சாயா குடிப்பாள். இரண்டு பக்கத்துச் சேதியையும் இரண்டு பக்கத்திலும் சொல்லமாட்டாள்.

அந்தக் காருக்கு எல்லா அளவும் பழைய இங்கிலாந்து அளவு. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் கடையில் கிடைக்கிற எந்த ஸ்பானரும் அதன் நட்டில் உட்காராது. ஒன்று லூசாக ஆடும், இல்லையென்றால் ஏறவே ஏறாது. டயர் பஞ்சரானால் ஜங்ஷனிலிருந்து பஞ்சர் கடைக்காரர் லாரி ஜாக்கியும் பைப் ரெஞ்சும் கொண்டுவந்து, நட்டைக் கடித்துக் கடித்துக் கழற்றுவார். மிஷினில் உட்கார்ந்து ஜன்னல் வழியே நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நட்டின் மூலைகள் தேய்வதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும். அப்பா இருந்தால் விட்டிருப்பாரா? இருந்தாலும் எழுந்து போகமாட்டேன்.

அடுத்த வருடம் ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே எல்லாம் துரு. சாமான்கள் சுருட்டி வைத்திருந்த கான்வாஸ் உறையில் எலி புகுந்து ஒரு ஓரத்தைத் தின்றிருந்தது. ஜாக்கியின் திருகு செங்காவி நிறத்தில் இறுகிக் கிடந்தது. எனக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது. கூடவே வேறொரு எண்ணமும் வந்தது. இதையெல்லாம் பளபளவென்று ஆக்கி, அவன் கண்ணில் படுகிற மாதிரி வெயிலில் பரப்பி வைத்தால், எத்தனை நாளைக்குக் கேட்காமல் இருப்பான்? பார்க்கிறேன் ஒரு கை என்று புடவையைத் தூக்கிச் செருகினேன்.

முதலில் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். மேல் அழுக்கு போயிற்று, துரு போகவில்லை. கிணற்றடியில் இரும்பன்புளி மரம் காய்த்துத் தரையெல்லாம் புளிப்புக் காய் உதிர்ந்து கிடக்கும். அதை இடித்துச் சாறெடுத்து, ஸ்பானர்களை ஒவ்வொன்றாக அதில் முக்கி வைத்தேன். குத்துவிளக்குக்குப் புளி போடுகிற கைக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? கொஞ்ச நேரத்தில் துரு கறுப்பாக இளகி வரும். தேங்காய் நாரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் நிற்க விடாமல் துடைத்து, வெயிலில் காயவைத்து, மிஷினுக்கு விடும் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூச வேண்டும். புளியில் அதிகம் கிடந்தால் இரும்பு சொரசொரப்பாகிவிடும், அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். துருவுக்குள் புதைந்திருந்த எழுத்துகள் மெல்லத் தெரியத் தொடங்கின. ஒவ்வொரு ஸ்பானரின் கழுத்திலும் அளவும், செய்தவர்களின் முத்திரையும். அந்த எழுத்து தேய்ந்துவிடக் கூடாது என்று அந்த இடத்தை மட்டும் விரலாலேயே தேய்த்தேன்.

ஜாக்கிதான் உயிரை எடுத்தது. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் திருகின் ஒவ்வொரு பள்ளத்தையும் துடைத்தேன். ஒருநாள் அது சத்தமில்லாமல் முழுச் சுற்றுச் சுற்றியபோது, கேட்க ஆளில்லாமல் நானே சிரித்தேன். கான்வாஸ் உறையின் கிழிந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, குடைத்துணியில் பட்டை வைத்துத் தைத்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் பழைய தையல் போன தடத்திலேயே மறுபடி தையல் போட்டேன். அப்பா வைத்த இடத்திலேயே ஒவ்வொன்றும் போய் உட்கார்ந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து, எல்லாவற்றையும் வரிசையாக வெயிலில் வைப்பேன். அண்ணன் ஷெட் வாசலில் நின்று பல் குத்துவான். பார்ப்பான். உள்ளே போய்விடுவான். அம்மா ஒருமுறை இடைவெளியில் நின்றபடி கேட்டாள்:

"மக்கா, நீ தேய்க்கது இரும்பையா, அவனுக்க நெஞ்சையா?"

"அவன் கேட்டா குடுக்கேன். கேக்கச் சொல்லு."

"நான் யாருக்கும் தூது போமாட்டேன்" என்றாள் அம்மா.

அந்த வருடம் துர்காஷ்டமி சாயங்காலம் எங்கள் வீட்டில் பூஜை வைத்தோம். எங்கள் பக்கத்தில் அது பெரிய காரியம். அஷ்டமியன்று அந்தியில் புத்தகத்தையும் ஆயுதத்தையும் தேவி முன்னால் வைத்துவிட்டால் தசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. தையல் கிடையாது, வெட்டுக்கொத்து கிடையாது. ஊரில் உள்ள இரும்பெல்லாம் அந்த நேரம் தூங்கும். அம்மாவுக்கு இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. சின்ன வயதில் ஒரு நவமிக்கு ரிப்பன் வெட்டுவதற்காக நான் கத்திரிக்கோலை உருவி எடுத்ததற்கு அன்று முழுக்க எனக்குச் சோறு போடவில்லை.

என் மிஷினுக்குச் சந்தனம் தொட்டு வைத்துவிட்டுத் திரும்பியபோது, அம்மா சொன்னாள்: "அந்தப் பெட்டியையும் எடுத்து வை. அதும் ஆயுதமாக்கும்." வைத்தேன். பிறகு அம்மா தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தாள். அண்ணனின் கார்ச் சாவி.

"இதெ ஏன் இஞ்ச வைக்கிய?"

"வண்டியும் பூஜைக்கு வைக்க வேண்டியதுதானே. அவனுக்க வீட்டில வெளக்கு வைக்க ஆளு உண்டா? அவ பேறுகாலத்துக்குப் போயிருக்கா." அண்ணியைத்தான் சொன்னாள். சாவிக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரே பட்டுத்துண்டைப் போர்த்தி, ஒரே செம்பருத்தியை வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. பூஜையறையில் சண்டை போட வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன்.

மறுநாள் நவமி. காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா குளித்து விளக்கேற்றிவிட்டு எழுந்திருக்கப் போனவள் எழவில்லை. பூஜையறை நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் அடுக்களையிலிருந்து வந்து பார்த்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சு உள்ளே போக மறுத்தது. போன கொஞ்ச மூச்சும் விசில் போலக் கீச்சிட்டுத்தான் வெளியே வந்தது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கே இடையில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

வேலிக்கு ஓடி, "அண்ணா" என்று கூப்பிட்டேன். பாகம் வைத்த நாளுக்குப் பிறகு அப்போதுதான் அந்தச் சொல் என் வாயில் வந்தது.

அவன் முண்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி வேலியைப் பிய்த்துக்கொண்டே வந்தான். அம்மாவைப் பார்த்தான். "நான் காறெ எறக்குகேன், நீ அம்மைய எழுப்பு" என்று சொல்லிவிட்டு, சாவியைக்கூடக் கேட்காமல் ஷெட்டுக்கு ஓடினான். என் கூப்பாடு கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் டாக்சி பார்க்கிறேன் என்று சைக்கிளில் ஜங்ஷனுக்குப் போனார். நான் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கார் வரும் சத்தம் கேட்கவில்லை. திரும்பி வந்தது அண்ணன்தான். மழையில் நனைந்து முற்றத்தில் நின்றான், படியேறவில்லை.

"டயறுல காத்தில்ல. தரையோட இருக்கு" என்றான்.

"ஸ்டெப்னி?"

"அதில காத்து உண்டு."

என் தலைக்கு மேலே பூஜையறைக்குள் பார்த்தான். பட்டுத்துண்டு போர்த்திய பெட்டி அங்கிருந்தே தெரியும். பஞ்சர் கடைக்காரரும் அன்று பூஜை வைத்துக் கடையை மூடியிருப்பார். பைப் ரெஞ்சும் தூங்கிக்கொண்டிருக்கும். எல்லாம் எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அம்மாவின் மூச்சு கீச்சுகீச்சென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"அதுக்கு?" என்றேன்.

என் வாய் அப்படிப்பட்டது. அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு படி ஏறினான்.

"ஜாக்கியும் வீல் ஸ்பானறும் வேணும். உனக்கதாக்கும். கேக்கேன் பிள்ளே, தா."

இந்த நாளுக்காகத்தான் நான் அத்தனை ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காய்ந்தேன். இன்னொரு தடவை கேட்கச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன். கேட்டதும் எனக்கு ஒரு துளி சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. அவனே இறங்கி வந்து கேட்கிறான் என்றால் அம்மா பிழைக்கமாட்டாள் என்று அவன் நினைக்கிறான்.

எழுந்தேன். அம்மா என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ.

"தொடப்பிடாது. நாளைக்கு… நாளைக்கு எடுக்கலாம் மக்கா. தேவி கோவிச்சுக்கிடுவா."

"கோவிச்சா எனக்கிட்ட கோவிக்கட்டும்" என்று காலை உருவிக்கொண்டு உள்ளே போனேன்.

பட்டுத்துண்டை இழுத்ததில் செம்பருத்தி விளக்கடியில் விழுந்தது. பெட்டியை ஒரு கையிலும் சாவியை ஒரு கையிலும் எடுத்தேன். பின்னால் அம்மா அழுதாள். மூச்சுக்கே வழியில்லாதவள் அதிலும் கொஞ்சத்தை அழுவதற்குச் செலவழித்தாள். எனக்கு அவள்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஷெட்டுக்கு ஓடினேன்.

ஷெட் தரை மண்தரை. ஜாக்கி அமிழ்ந்தது. நான் கிணற்றடியிலிருந்து துணி துவைக்கிற பலகையை இழுத்து வந்து அடியில் போட்டேன். அண்ணன் சுற்றினான். அந்தத் திருகு மட்டும் பழையபடி துருவோடு கிடந்திருந்தால் கடவுளே வந்தாலும் அசைந்திருக்காது. வெண்ணெயில் சுற்றுவது போலச் சுற்றியது. நட்டுகளில் மூன்று வந்துவிட்டன. பைப் ரெஞ்ச் கடித்துத் தேய்த்த நாலாவது வரவில்லை. ஸ்பானர் பிடியில் நான் வைத்த சந்தனம் மழைத்தண்ணீரில் இளகி, அவன் கை வழுக்கி வழுக்கிப் போயிற்று. முந்தானையால் துடைத்துக் கொடுத்தேன். மறுபடி வழுக்கியது.

"தள்ளு" என்றேன். ஸ்பானரை நட்டின் அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "இனி சவுட்டு."

அவன் பிடியின் மேல் ஏறி மிதித்தான். க்ரீச் என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். நட்டுதான் இளகியிருந்தது. அவன் கையை நீட்டுவதற்கு முன்னால் வேண்டியதை நான் எடுத்து வைத்தேன். அந்தப் பெட்டியில் எது எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் எனக்குத் தெரியும்.

அம்மாவைப் பின்சீட்டில் என்மேல் சாய்த்து வைத்தேன். பெட்டி என் காலடியில், ஸ்பானர் மடியில். அண்ணன் அந்தக் காரை அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. வழியெல்லாம் லாரிகளும் ஜீப்புகளும் குலைவாழையும் மாலையும் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றன. ஜங்ஷன் டாக்சி ஸ்டாண்டிலும் அப்படித்தான், வண்டிக்குப் பூ இருந்தது, டிரைவர் இல்லை. செங்கல் ஊர்க் கோயிலுக்குப் போயிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கே திகைத்து நின்றார். எங்களைக் கண்டதும் போ போ என்று கையை வீசினார். ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் மூக்கருகில் விரலை வைத்தபடியே வந்தேன். அண்ணன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். உண்டு, உண்டு என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். ரொம்ப நேரத்துக்குப் பிறகு டாக்டர் வெளியே வந்து, "நேரத்தே கொண்டு வந்நது நன்னாயி" என்றார் மலையாளத்தில். சீக்கிரம் வந்தது நல்லதாயிற்று. இதயம் பலவீனம், நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, இப்போதைக்கு ஆபத்தில்லை. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் ஸ்பானரை இன்னும் கையில் வைத்திருந்தேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னத்தெ இட்டு தேச்சே?"

"இரும்பன்புளி."

"அப்பா மண்ணெண்ணெயாக்கும் போடுவாரு."

"அப்பாவுக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்" என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

அம்மா வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, பூஜை எடுத்தாச்சா என்பது. இல்லை என்று நான் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அடுத்த நாள் எங்கள் இரண்டு பேரையும் கட்டிலருகே கூப்பிட்டாள்.

"ஒரே பட்டுக்கு அடியில வச்ச சாமானம். பூஜ எடுக்காம எடுத்தாச்சு. இனி அதெப் பிரிச்சு வைக்கப்பிடாது. அடுத்த வருசம் தேவிக்கு முன்ன சேத்து வச்சு, முறையா எடுத்த பெறகு, யாருக்கதெ யாரு வேணும்னாலும் எடுத்திட்டுப் போங்க. அதுவரைக்கும் அந்தச் சாவிக்குள்ள வண்டியில பெட்டியும் இருக்கணும்."

அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அண்ணனைப் பார்த்தேன். நோயாளியோடு யார் வாதாடுவது? அன்றைக்கே பெட்டியை டிக்கியில் கொண்டு வைத்தேன். மழைக்கு ஒழுகாமல் அவன் டிக்கிக்குப் புது ரப்பர் பட்டை போட்டான். மாதம் ஒருமுறை நான் போய் எண்ணெய் பூசுவேன். அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் நின்று ஏதாவது குறை சொல்லுவான், நானும் திருப்பிச் சொல்லுவேன். அம்மா இடைவெளியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் கோயிலில் பூஜை செய்யும் போற்றியிடம் இந்த முறையைப் பற்றிக் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படியொரு முறையைத் தான் எங்கும் கேள்விப்பட்டதில்லை என்றார். அம்மாவிடம் போய்ச் சண்டை போடலாம் என்றுதான் வேகமாக நடந்து வந்தேன். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து தேங்காய் நாரை உரித்துக்கொண்டிருந்தாள். "இதெ பெட்டி தேய்க்க வச்சுக்க" என்றாள். நான் வந்த விஷயத்தைச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் வைகாசியில், இடவப்பாதி மழையில் அம்மா போய்விட்டாள். அந்த முறையும் அதே கார்தான், ஆனால் பாலம் தாண்டுவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடம் பூஜை வைப்பதில்லை. அதனால் அந்த வருடம் பெட்டியைப் பிரித்து எடுக்க வழியில்லை. அதற்கடுத்த வருடம் அஷ்டமி அந்தியில் அண்ணன் வேலி இடைவெளி வழியே வந்து, கார்ச் சாவியைத் தேவி முன்னால் வைத்தான். நான் பெட்டியை வைத்து, அம்மாவின் பட்டுத்துண்டை இரண்டுக்கும் சேர்த்துப் போர்த்தினேன். தசமி காலையில் முறைப்படி பூஜை எடுத்தோம். அவன் பெட்டியைத் தூக்கினான். எங்கே வைக்கட்டும் என்று அவன் கேட்கவில்லை. நான் சாவியை அவனிடம் நீட்டினேன். நேரே கொண்டுபோய் டிக்கியில் வைத்தான்.